மேடம் மில்லுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

1. டீக்கடையில் வந்த செய்தி

"அண்ணே, உங்க மேடம் மேல விஜிலென்ஸ் விசாரணையாமே. உங்களையும் கூப்பிட்டாகளா?"

டீக்கடை செல்வம் கேட்டபோது என் வாயில் பாதி வடை இருந்தது. மென்றேனா முழுங்கினேனா என்று இன்றுவரை தெரியாது.

நான் அரசு உதவி வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இருபத்தாறு வருட சர்வீஸ். மேடம்தான் அந்த வழக்கறிஞர். போலீஸ் போடும் கேஸ்களை அரசுத் தரப்பில் நடத்துபவர். அப்போது புதுவயல் என்ற ஊரின் ரைஸ்மில் கேஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் கை மாட்டி, கருப்பையா என்ற தொழிலாளிக்கு நாலு விரல் போய்விட்டது. முதலாளியின் கவனக்குறைவு என்று வழக்கு.

"ஞாயித்துக்கிழமை ஆனா மேடம் புதுவயல்ல ஒரு மில்லுக்குள்ள போறாகளாம். கேட்டைச் சாத்திர்றாகளாம். மொட்டைப் பெட்டிசன் போயிருக்கு" என்றான் செல்வம்.

"அரிசி மூட்டையாவே வாங்குறாகளாம்" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

"மூட்டை இல்லப்பா, லோடு" என்று திருத்தினார் இன்னொருவர்.

பொங்கலுக்கு மேடம் எனக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்திருந்தார். நேரே வீட்டுக்குப் போய், "அந்த அரிசி எங்கடி? ஆதாரம் வீட்ல இருக்கக் கூடாது" என்றேன்.

"அது தையிலயே தீந்துபோச்சு. ஆதாரம் உங்க வயித்துலதான் இருக்கு" என்றாள் மனைவி.

2. மெடிக்கல் லீவு

மூன்று நாள் லீவு போட்டேன். காய்ச்சல் என்று எழுதினேன். பயம் என்று எழுத அந்த லீவு பாரத்தில் இடமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் படுத்துக் கிடந்தபோது உறைத்தது. மூட்டை என்ற சொல் எங்கிருந்து வந்தது? இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே கடையில் ஒருவர், "உங்க மேடம் எதுக்கு மில்லுக்குப் போறாக?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் சிரிப்பார்கள்? "மில்லுல போயி கிள்ளியா வாங்குவாக? மூட்டையாத்தான் வாங்குவாக" என்றேன். கடையே சிரித்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். ஜோக் அங்கேயே தங்கிக் குட்டி போட்டிருக்கிறது. அந்தக் குட்டியைப் பார்த்தே நான் பயந்து ஓடியிருக்கிறேன்.

3. மேடத்தின் அறை

மறுநாள் போனேன். எப்போதும் கேஸ் கட்டோடு உட்கார்ந்து பேசும் போலீஸ்காரர்கள் வாசலிலேயே கட்டை நீட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே மேடம் தனியாக இருந்தார்.

"மேடம், அந்த மூட்டைப் பேச்சு என்னோடது."

முழுதும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"கேஸ்ல இருக்குற மில்லு ரோட்டுக்கு அங்குட்டு. நான் போறது இங்குட்டு, என்கூடப் படிச்சவ மில்லு. ஞாயித்துக்கிழமை நெல்லுக்களம் காலியா இருக்கும். ஸ்கூட்டி பழகுறேன். இங்க பழகி விழுந்தா வக்கீலுக வருசம் பூராச் சிரிப்பாக."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "விஜிலென்ஸுக்குப் பதில் சொல்லிரலாம்ணே. நேத்து கருப்பையா வந்தாரு. என் முகத்தையே பாக்கலை. நானும் கேஸை வித்துட்டேன்னு நெனைக்கிறாரு. அதுதான் தாங்கலை."

நான் தலையைத் தூக்கவில்லை.

"மூணு நாளாச் சாப்பிட்டீகளா இல்லையா? முகம் இப்படிக் கெடக்கு" என்றார்.

4. என் வாக்குமூலம்

எத்தனையோ பேர் வாக்குமூலத்தை டைப் அடித்தவன், அன்று என்னுடையதை அடித்தேன். என் அப்பா பெயரிலேயே இரண்டு பிழை.

"எதுக்கு அப்படிச் சொன்னீக?" என்றார் விஜிலென்ஸ் இன்ஸ்பெக்டர்.

"சிரிக்க வைக்கத்தான் சார்."

"சிரிச்சாகளா?"

"நல்லாவே சார்."

அதையும் எழுதிக்கொண்டார். மேடத்தின் தோழியையும் விசாரித்தார்கள். சில வாரத்தில் பெட்டிசன் முடித்துவைக்கப்பட்டது. டீக்கடையில் அதை யாரும் பேசவில்லை. நானே பெஞ்சு பெஞ்சாகச் சொன்னேன். மூட்டை ஜோக் அளவுக்குச் சிரிப்பு வராததால் பாதிப் பேர் நம்பவில்லை.

அடுத்த வாய்தாவுக்குக் கருப்பையா வந்தார். கோர்ட் வராந்தாவில் அவரை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"மேடம் விழுந்தாகளா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு தடவை."

எழுந்து உள்ளே போனார். மேடத்தின் எதிரில் நின்று கும்பிட்டார். ஒரு கை முழுசு. மறு கையில் கட்டைவிரல் மட்டும். மேடமும் எழுந்து நின்று கும்பிட்டார்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆபீஸைப் பற்றித் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள், பரவாயில்லை.