உலகத்திலேயே பெரிய கோச்சும் என் தங்கை ஷைனியும்

என் தங்கை ஷைனி கேரம் கோச். கல்மண்டபம் ஏரியாவில் எங்கள் நண்பர்கள் மன்றத்துக்கு இருப்பது ஒரே அறை. அதில் ஆறு வருடமாக மாலை ஐந்திலிருந்து ஏழு வரை சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் இருபத்து மூன்று பேர்; அதில் பதினான்கு பெண்கள். வந்ததும் நகத்தைப் பார்ப்பாள். வளர்ந்திருந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, போர்டுக்குப் பவுடர் போடலாம். போட்டி நடக்கும்போது கோச் பேசக் கூடாது. அதனால் பயிற்சியிலும் ஆட்டம் தொடங்கிவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள்.

போன ஆகஸ்டில் அதே இரண்டு மணி நேரத்தை வேறு இருவரும் கேட்டார்கள். பாக்சிங் மாஸ்டர் மஜீதுக்கு மழைக்காலத்தில் பயிற்சி தர கூரை வேண்டும். ஃபுட்பால் மாஸ்டர் ரெஜிக்குத் தன் பசங்களுக்கு மேட்ச் வீடியோ காட்ட வேண்டும். யாரையும் பகைத்துக்கொள்ளாத செயலாளர் அருள்பிரகாசம், "எந்த ஆட்டமானாலும் சரி, யாரு பெரிய கோச்சுனு பேசி முடிவு பண்ணுங்க. அவருக்குத்தான் ரூமு" என்றார்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். கையெழுத்து நன்றாயிருக்கும் என்று தீர்மான நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து பத்து இருபதுக்குக் கூட்டம் தொடங்கியது.

"உக்காந்துகினு ஆடுற ஆட்டத்துக்கு இன்னாத்துக்கு கோச்சு?" என்றார் மஜீது.

"நீங்க நிக்க வெச்சு சொல்லிக்குடுத்த பசங்க முதல் ரவுண்டுலயே படுத்துட்டாங்களே, மாமு" என்றாள் ஷைனி. அதற்குமேல் அவள் பேசவில்லை.

பேச ஆள் இருந்தது. ரெஜி தன் குருவின் விசில் காசிமேடு வரை கேட்கும் என்றார். மஜீது தன் உஸ்தாத் பதினொரு வருடம் சிரித்ததே இல்லை என்றார். "பல்லு வலியா நைனா?" என்று ரெஜி கேட்டதில் பதினைந்து நிமிடம் போனது. பிறகு பேச்சில் குருவின் குருமார்கள் வந்தார்கள். கபடி, வாலிபால், நீச்சல் என்று இங்கே யாரும் ஆடாத ஆட்டங்களின் கோச்சுகளும் வந்தார்கள். தங்கள் பசங்க என்ன ஜெயித்தார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கமிட்டி ஒன்பது பேர். மூன்று முறை கை தூக்கியும் மஜீதுக்கு நாலு, ரெஜிக்கு நாலு, ஷைனிக்கு ஒன்று. அந்த ஒன்று என்னுடையது.

கடைசியில், டிவியில் மழையிலும் கோட்டு போட்டு நிற்கும் ஒரு வெளிநாட்டு ஃபுட்பால் கோச்சின் பெயரைச் செயலாளர் சொன்னார். ஃபுட்பால் ஆள் என்பதால் ரெஜி ஒத்துக்கொண்டார். ரெஜி இல்லை என்பதால் மஜீது ஒத்துக்கொண்டார். ஒரு மணி பத்துக்கு எட்டு கைகள் உயர்ந்தன. உலகத்திலேயே பெரிய கோச் அவரே, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அறை அவருக்கே என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

ஷைனி எழுந்தாள். "அவரு எப்போ வருவாரு?"

செயலாளர் நோட்டை வாங்கி, தீர்மானத்தை இன்னொரு முறை படித்தார்.

"அவரு வர்ற வரைக்கும் ரூமு சும்மாதானே கீது? போர்டு போட்டுக்கவா?"

தீர்மானத்தை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும். அது வருடத்துக்கு ஒரு முறைதான்.

அன்று மாலை ஐந்துக்கே ஷைனி போர்டு போட்டாள். வரவேண்டியவருக்காக மூலையில் ஒரு நாற்காலியும் போட்டாள். இரண்டாவது வாரம் அதில் மஜீது வந்து உட்கார்ந்தார். அவர் மகள் ஜஸீமாவும் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். மகள் குறி வைத்ததும், "அடி…" என்று வாயெடுத்தார். ஷைனி திரும்பி உதட்டில் விரலை வைத்தாள்.

ஏழு மணி வரை மஜீது மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.