மாமா வானம் பார்த்த ஐப்பசி

இந்த வருசத்தின் முதல் தாழமுக்கம் புயலாகி, எங்களைத் தொடாமல் இந்தியப் பக்கம் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று என் மகன் கைபேசியைத் தடவிக்கொண்டே இருக்கிறான். அந்தமான் பக்கம் ஏதோ சுழல்கிறதாம். அதைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தான். ஆட்டுக்கல்லில் மா சுற்றுவதுபோல இருந்தது. அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததற்கு நான் வெட்கப்படவும் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு காலம் வானம் பார்க்க ஒரு ஆள் இருந்தார்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். குருநகர்க் கரையில் அப்பாவுக்கு ஒரு சிறிய வள்ளம் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, முந்தின வருசக் கார்த்திகையில் வேறொரு வள்ளத்தில் தன் கூட்டாளியோடு போனபோது புயல் பிடித்துக்கொண்டது. வள்ளம் கவிழ்ந்தது. மாமா அதைப் பிடித்தபடி இரவு முழுக்கக் கிடந்து, விடிந்தபின் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கினார். கூட்டாளி வரவில்லை. அதைப்பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. மாமா தேறி எழும்பியதும் அப்பா அவரைத் தன் வள்ளத்தில் சேர்த்துக்கொண்டார். கோடை முழுக்க இருவரும் ஒழுங்காகத் தொழிலுக்குப் போய்வந்தார்கள்.

ஐப்பசி பிறந்ததும் மாமா வானம் பார்க்கத் தொடங்கினார்.

காலையில் கரைக்குப் போனதும் அப்பா கேட்பார்: "என்ன மச்சான், இண்டைக்கு எப்பிடி?" மாமா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கிழக்கே பார்ப்பார், தெற்கே பார்ப்பார். அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் மாமா, "நாளைக்குப் பாப்பம் அத்தான்" என்பார். அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் மாமா சொன்னால்தான் புயல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருசமும் முதல் புயல் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. அடுத்தது வருகிறது என்று சந்திக் கடை வானொலி சொன்னபோது கரை முழுவதும் வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டிவிட்டுக் காத்திருந்தது. பிறகு அதுவும் வலுவிழந்துவிட்டது என்று அதே வானொலி சொன்னது. மறுநாள் விடிய, கடல் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டும் இல்லை. மழைத் தண்ணீர் இறங்கியதால் இறால் ஓடுகிறது என்று கரையே பரபரத்தது.

மாமா வழமைபோலக் கிழக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். பார்க்க ஒன்றுமே இல்லாத வானத்தை அன்று அவர் அதிக நேரம் பார்த்தார்.

"காத்தே இல்லை அத்தான். இப்பிடிக் கிடந்தால்தான் பயம்" என்றார்.

"சரி" என்றார் அப்பா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் தெருவில் பல வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி மட்டும் சிரிக்காமல் அப்பாவிடம் வந்தார்.

"என்ன காணும், உம்மடை வள்ளம் கரையிலை அடைகிடந்து குஞ்சு பொரிக்கப்போகுதோ?"

"பொரிச்சால் உங்களுக்கும் ஒண்டு தாறன்" என்றார் அப்பா.

"பகிடியை விடும். மச்சானை வீட்டிலை விட்டிட்டு என்ரை பெடியன் ஒருத்தனை ஏத்திக்கொண்டு போம். நல்ல தொழில்காரன்."

மாமா கொஞ்சம் தள்ளித்தான் நின்றார். அவருக்குக் கேட்டிருக்கும். சம்மாட்டி கேட்கட்டும் என்றே சொல்லியிருப்பார். எங்கள் கரையில் ஒருவனுடைய இடத்தில் இன்னொருவனை ஏற்றிவிட்டால் அத்தோடு அவன் கதை முடிந்தது. பிறகு எந்த வள்ளத்துக்காரனும் அவனைக் கூப்பிடமாட்டான். அவன் சுமை தூக்கத்தான் போகவேண்டும்.

"அது அவன்ரை இடம்" என்றார் அப்பா.

"சும்மா கிடக்கிற இடம்தானே?"

"கிடக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். மார்கழியில் எனக்குக் கோவிலில் முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்கு வெள்ளைச் சட்டை தைக்கவேண்டும். "ஊரெல்லாம் இறால் அள்ளுது, நீங்கள் உவன்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருங்கோ. உங்களுக்கென்ன விசரே? பிள்ளை பழஞ்சட்டையோடை போய் நிக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்!" மாமா அம்மாவின் கூடப்பிறந்தவர். அதனால் அம்மாவின் கோபம் இரண்டு மடங்கு. அப்பா கிழியாத வலையில் கிழிசல் தேடிக்கொண்டிருந்தார்.

புயல் வரவில்லை. பின்னேரம் வள்ளங்கள் எல்லாம் இறாலோடு வந்தன. சம்மாட்டியின் மனைவி ஒரு சட்டி இறால் கொடுத்தனுப்பினார். கடற்கரையில் வள்ளம் வைத்திருக்கிற வீட்டுக்கு இறால் கொடுத்தனுப்புவது என்ன மாதிரியான உபகாரம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மா அதைக் கறியாக்கினார். நான் நன்றாகச் சாப்பிட்டேன். மாமா வயிறு சரியில்லை என்று எழும்பிப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பெட்டைகள், "எங்கையடி உங்கடை மாமான்ரை புயல்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை.

அடுத்த காலை வானம் கறுத்திருந்தது. தூறலும் போட்டது. அம்மாவும் நானும் அப்பாவோடு கரைக்குப் போனபோது மாமா எங்களுக்கு முன்னமே வந்து வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றார். அப்பா வழமைபோலக் கேட்டார்: "என்ன மச்சான், இண்டைக்கு எப்பிடி?"

மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "போவம் அத்தான்" என்றார்.

நேற்றுக் கத்திய அம்மாவுக்கு இன்று பயம் வந்துவிட்டது. "மூடிக்கொண்டு வருது, கண் தெரியேல்லையே? நேற்றுப் போகாமல் இண்டைக்கு என்ன போக்கு?"

"அவன் பாத்துச் சொல்லிப்போட்டான்" என்று சொல்லிக்கொண்டே அப்பா வள்ளத்தைத் தள்ளினார். மாமாவும் தள்ளினார். வள்ளம் மிதந்ததும் மாமா ஏறாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அப்பா அவசரப்படுத்தவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏறுகிறதென்றால் ஏறவேண்டியதுதானே! பிறகு மாமா ஏறினார்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். இருவரும் நன்றாக நனைந்திருந்தார்கள். ஒரு கூடைக்கு அரைவாசிகூட இறால் இல்லை. மாமா மணலில் இறங்கியதும் குந்தியிருந்து, காலையில் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தார். அப்பாவோ பெரிய பாடு பட்டதுபோல அந்த அரைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, சம்மாட்டியின் வீட்டைத் தாண்டி, தெரு நடுவாலே வந்தார்.

எனக்கு ஆத்திரம். நல்ல நாளில் போகாமல் கெட்ட நாளில் போகச் சொன்ன மனிதரைப் போய்ப் பெரிதாகச் சொல்லிவிட்டேனே என்று அழுகை வந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன்:

"அப்பா, மாமாவுக்கு வானம் பாக்கத் தெரியாது. நீங்கள் ஏன் அவரைக் கேக்கிறியள்?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "எங்களிலை அவன் ஒருத்தன்தான் புயலை உள்ளுக்கை நிண்டு பாத்தவன் பிள்ளை."

இது எனக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் எல்லாரும் புயலை வெளியே நின்று பார்த்தவர்கள். மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று கேட்பார்களே? ஆகவே சாப்பிட்ட கையோடு மாமாவிடம் ஓடினேன். அவர் வேலிக்கரையில் ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"மாமா, புயலுக்குள்ளை என்ன இருந்தது?"

மாமா பிழிந்த சாரத்தைத் திரும்பவும் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. இருட்டு. அவன் கூப்பிடுற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது."

இவ்வளவுதானா என்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.