உட்கார்ந்து போகிற வேலை

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு ரயில் ஸ்டேஷனுக்கு நான் மாஸ்டராக இருந்தேன். மாஸ்டர் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டிக்கெட் கொடுப்பவன், கொடி காட்டுபவன், பிளாட்பாரத்தில் மேயும் ஆட்டை விரட்டுபவன் எல்லாம் நானே. காலையில் சேலத்துக்கு ஒரு வண்டி போகும், சாயங்காலம் அதுவே திரும்பி வரும். பல நாள் அதில் ஏற ஈ காக்கைகூட இருக்காது.

யுத்த காலம். ஆள் ஏறாத பாதைகளைப் பெயர்த்து இரும்பை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு. எங்களுக்கும் ஓலை வந்தது. அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், கூட்டம் இல்லையென்றால் பாதையை மூடிவிடுவார்கள், எனக்குச் சேலத்துக்கு மாற்றல். படித்ததும் தலைகால் புரியவில்லை எனக்கு. என் மனைவி சேலத்தில், பிறந்த வீட்டில் இருந்தாள். ஸ்டேஷன் வீட்டு ஓட்டிலிருந்து ஒரு சாரைப்பாம்பு ரசச் சட்டிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்த அன்றே பெட்டியைக் கட்டியவள். அந்தக் கதை மலை முழுக்கத் தெரியும். "மாற்றல் வாங்கிக்கொண்டு வாருங்கள், குடித்தனம் நடத்தலாம்" என்பது அவள் கட்டளை. இரண்டு வருஷமாக நானே பொங்கி நானே தின்றுகொண்டிருந்தேன். தன் பாதையை மூட வேண்டுமே என்று சாமி கும்பிட்ட ஸ்டேஷன் மாஸ்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வாரம் அரியூர் நாட்டு ஊர்க்கவுண்டர் மலையிறங்கி, முள்ளுக்குறிச்சி வழியாக மிளகு மூட்டையோடு வந்து சேர்ந்தார். தராசில் தூக்கி வைக்கும்போது மூட்டை வாய் அவிழ்ந்து மிளகுத் தூசி என் முகத்தில் அடித்தது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அந்த லட்சணத்தில்தான், "திங்கட்கிழமை காலை அதிகாரி வருகிறார். ஏற ஆள் இல்லையென்று பாதையை மூடப்போகிறார்கள், நான் போய்விடுவேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அழுவாதீங்க சாமி. நாங்க எதுக்குங்க இருக்கறோம்?" என்றார்.

அழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

அதிகாரி வந்த காலையில் பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. மலையில் பொது வேலை என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். ஊர்க்கவுண்டர் அந்த முறைப்படியே அழைப்பு விட்டிருக்கிறார். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அழைப்பு வந்தால் மண்வெட்டியோடு கிளம்புவதுதான் வழக்கம். மண்வெட்டி, கடப்பாரை, கூடை, களி உருண்டை சகிதம் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். அச்சடித்த டிக்கெட் தீர்ந்துபோய்க் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத எழுத என் மனைவி தூரமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஓர் ஆளை மறித்தார். "எங்கே போகிறாய்?"

"வேலைக்குங்க."

"என்ன வேலை?"

அந்த ஆள் யோசித்தார். "ஒக்காந்துட்டுப் போற வேலைன்னு இப்பத்தானுங்க சொன்னாங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இவர்கள் வழக்கமாகப் போகிற கூலியாட்கள்தானா? உண்மையைச் சொல்லும்."

உண்மையைச் சொன்னால் அடுத்த மாதமே சேலம். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். வண்டிக்குள் பார்வை போயிற்று. முதல் தடவை ரயிலேறிய ஒரு பெண், பெஞ்சில் உட்காரக் கூசித் தரையில் உட்கார்ந்து, மண்வெட்டியை மடியில் அணைத்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வண்டி இன்னும் நகரவே இல்லை. அத்தனை பயமும் எனக்காக. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஆமாம் ஐயா, வழக்கமாகப் போகிறவர்கள்தான்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பாதை பிழைத்தது. நான் பச்சைக் கொடியைத் தூக்கினேன்.

வண்டி நகர்ந்தபோது ஊர்க்கவுண்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இனி அழுவக் கூடாதுங்க சாமி. அம்மிணியக் கூட்டிட்டு வந்துருங்க. பாம்பு உழுவாத மாதிரி ஓட்டுக்கடியில பலகை அடிச்சுத் தாரோம். அதுக்கும் ஊட்டுக்கு ஒரு ஆளு வருவமுங்க!"

வண்டி வளைவில் மறையும்வரை கொடியைப் பிடித்தபடி நின்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. அன்று மிளகு மூட்டை எதுவும் வரவில்லை.