செரியாயிருமுங்க

தலை வழுக்கையான பிறகும் ஓர் ஆள் இப்படி ஏமாறுவானா என்று கேட்பீர்கள். ஏமாந்தேன். பீளமேட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது, வார்டு சிஸ்டருக்கு என் மேல் தனிப் பரிவு உண்டென்று நம்பினேன்.

எலும்பு முறிந்ததும் என் கைங்கரியம்தான். கல்லூரிப் பட்டிமன்றத்துக்குப் போகிற வழியில், மொபெட்டில் இருந்தபடியே பேச்சை ஒத்திகை பார்த்தேன். ஒரு நகைச்சுவை பிரமாதமாக வந்தது. கைதட்டலை அடக்க இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அப்புறம் சாக்கடை.

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வலியில் முனகும்போதெல்லாம் சிஸ்டர் வந்து, தலையணையைச் சரிசெய்து, மெதுவாக, "செரியாயிருமுங்க" என்பார். அந்த 'ங்க'வில் ஒரு குழைவு. எத்தனையோ புத்தகங்களில் தேடிக் கிடைக்காத ஆறுதல் என்று எனக்குள் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

வலி குறைந்து காது கேட்க ஆரம்பித்ததும் உண்மை தெரிந்தது. கால் எடுத்தவரிடமும் அதே சொல், அதே குழைவு. ஒரு தடவை குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி ஆடியது. அதையும் பிடித்து நிறுத்தி, "செரியாயிருமுங்க" என்றார்.

கூட வேலை பார்த்தவர்கள் அரபு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். வார்டு முழுக்க அவர் ஒருத்தர். பகல் டியூட்டி முடிந்தால் அடுத்த டியூட்டிக்கும் ஆள் வராது. தயிர்சோற்றை டப்பா மூடியில் போட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார். பாதியில் யாராவது கூப்பிடுவார்கள்.

"எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்வீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன், கொஞ்சம் பொறாமையோடு.

"வேற என்னங்க சொல்றது? வந்த புதுசுல ஒவ்வொருத்தருக்கும் அழுவேன். இப்ப அழுகை வரதில்லீங்க. வாய்க்கு வரது இதுதான்."

பக்கத்துக் கட்டிலில் காங்கேயத்து எண்ணெய் மில்லில் வேலை பார்த்தவர், நெஞ்சு நோயாளி. மனைவியும் மச்சானும் கூடவே இருந்தார்கள். ஒரு காலையில் மச்சான் டீ குடிக்கப் போயிருந்தான். டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், கண்ணுக்குள் டார்ச் அடித்தார், சிஸ்டரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். ஆள் போய்விட்டார், அதைச் சொல்கிற வேலையை சிஸ்டரிடம் விட்டுவிட்டார் என்பது எனக்கே புரிந்தது.

கால்மாட்டில் நின்ற மனைவிக்குப் புரியவில்லை. "ஏனுங்க அம்மணி, டாக்டரு என்ன சொல்லிப்போட்டுப் போறாரு?"

சிஸ்டர் இறந்தவரின் கையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "செரியாயிருமுங்க."

சொல்லிவிட்டுத் தெர்மாமீட்டரோடு என் கட்டிலுக்கு வந்தார். என் வாயில் வைக்கப்போன கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் முகம் தெளிந்து, டம்ளரில் கஞ்சியை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் அருகே போய் நின்றார். டம்ளரை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் மச்சான் வந்துவிட்டான். சிஸ்டர் சொன்னதை அந்த அம்மாள் அவனிடம் சொல்ல, அவன் கட்டிலில் கிடந்தவரின் காலைத் தொட்டுப் பார்த்தான்.

"பொணத்தப் பாத்துச் செரியாயிரும்ங்கறயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" கத்தல் மாடி வரை கேட்டது. அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தியே ஆகவேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றான். நிறுத்தத்தான் போகிறார்கள் என்று வார்டில் பேச்சு. மறுநாள் மேட்ரன் என் கட்டிலுக்கு வந்தார், பார்த்த சாட்சி நான்தானே. பட்டிமன்றத்தில் பேசாத பேச்சு அத்தனையும் உள்ளே தேங்கிக் கிடந்தது.

"மேடம், நம்ம பக்கத்துல கிளம்பறவங்க 'வாரேன்'னுதான் சொல்றோம். வரலைன்னா பொய் சொன்னான்னு யாராவது கேஸ் போடறோமா? இந்தச் சொல்லும் அந்த மாதிரிதான். மரியாதைக்கு வர்றது. அந்தப் பொண்ணுக்குள்ள வேற எல்லாம் தீர்ந்துபோச்சு. மரியாதை மட்டும் தீரல. அதுக்குத் தண்டனையா?"

எடை கட்டிய காலோடு இன்னும் நிறையப் பேசினேன். இந்தத் தடவை கையை உயர்த்தவில்லை. மேட்ரன் பெருமூச்சு விட்டு, "உங்க பேச்சக் கேட்டு மேல சொல்லிப் பாக்கறனுங்க," என்று போனார். சிஸ்டர் எச்சரிக்கையோடு தப்பித்தார். அன்றைக்கே இரண்டு டியூட்டியும் சேர்த்துப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அவரிடம் சிஸ்டர் எதுவுமே சொல்லவில்லை. தலையணையை மட்டும் சரிசெய்தார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் கைத்தடியை ஊன்றி அவர் முன்னால் போய் நின்றேன். மேட்ரனிடம் நான் பேசியதைச் சுருக்கமாக, அதாவது கால்மணி நேரம், எடுத்துச் சொன்னேன். நன்றிக்குத் தகுந்தாற்போல் முகத்தையும் அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் டப்பா மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க சும்மா இருந்திருக்கலாமுங்க சார். நானா வேலைய விட்டு நின்னா ஊட்டுல உடமாட்டாங்க. அவங்களா நிறுத்திப்போட்டிருந்தா, போய்த் தூங்கியிருப்பேன்."