பெண்கள் பக்கத்து டிஸ்க்

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுப்பது என் தொழில். எங்கள் குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்தை யாரும் எடுக்கலாம். பெண்கள் பக்கத்துக்குக் கெமரா பிடிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும். இந்தப் பக்கத்தில் அது நான்தான். எடுத்ததை வீட்டிலேயே வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன். நான் வேலை செய்யும் அறைக்குள் என் புருஷனும் வரக்கூடாது. ஏதும் தேவையென்றால் மூடிய கதவைப் பார்த்துக் கதைப்பார்.

இது வீம்பு இல்லை. சில வருடங்களுக்கு முன் வேறு ஊரில் என்னைப்போல் படம் எடுக்கும் ஒருத்தி தன் கணினியைத் திருத்தக் கொடுத்தாள். இருந்தபடியே கொடுத்தாள், உள்ளே இருந்த படங்களோடு. இரண்டு கிழமையில் ஒரு கல்யாணப் பெண்ணின் படம் ஆண்களின் போன்களில் சுற்றியது. அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவானது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. படம் எடுத்தவள் அதன்பிறகு கெமராவைத் தொடவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

போன வருடம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. பெண்ணும் அவரோடு வெள்ளிக்கிழமை புறப்படுகிறாள். அதற்கு முந்திய நாள் தன் சிநேகிதிகளோடு உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெண்ணின் உம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், வியாழக்கிழம அஸர் தொழுகைக்குள்ள எனக்கு அது வேணும். ஒரு ஆம்புளட கண்ணும் அதுல படப்படாது, சொல்லிட்டன்."

"மாமி, அத நீங்க எனக்குச் சொல்லத் தேவல்ல."

அவர் சொன்னது எனக்குப் பெரிதில்லை. எல்லா உம்மாமாரும் சொல்வது அதுதான். அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது வேறொருத்தி கேட்டது. அவள் அந்த வீட்டுக்குப் பக்கத்து வளவில் வெங்காயப் பயிர் செய்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெட்டைகள் கைதட்டிப் பாடத் தொடங்கியதும் அவளுக்கும் கால் நிற்கவில்லை. எழும்பி வந்து, ஆடுவதற்கு முன், நேரே கெமராவுக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"இத பொம்பளைங்க மட்டும்தானே பாப்பாங்க?"

"ஓம். அதுக்கு நான் பொறுப்பு."

தலையில் இருந்த முக்காட்டைக் கழற்றி ஒரு கதிரையில் எறிந்துவிட்டு ஆடினாள். நன்றாகவே ஆடினாள். இடுப்பை வளைத்து, நாக்கைக் கடித்து, சின்னப் பெட்டைகள் வெட்கப்படுகிற மாதிரி. அவள் கேட்டதும் நான் சொன்னதும் ஆட்டத்தோடு சேர்ந்து பதிவாகி இருக்கிறது.

என் கணினி ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்துப்போட்ட பழைய பெட்டி. அதில் படத்துக்கென்று தனி கார்ட் இல்லை. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. அதற்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது. கணினியின் ரேமில் ஒரு பங்கை வாங்கித்தான் வேலை செய்யும். என்னிடம் இருந்தது எட்டு ஜிபி. அதில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கியிருந்தது வெறும் அரை ஜிபி. சின்னக் கெமராவோடு இருந்தவரை அது போதுமாக இருந்தது. அந்தக் கல்யாணத்துக்குத்தான் புதுக் கெமரா வாங்கினேன். படம் பெரிதானது, கணினி செத்தது. எடிட்டிங் சொப்ட்வெயாரில் ஐந்து நிமிடம் ஓட்டினால் திரை உறைந்துவிடும். கிராபிக்ஸ் நினைவகம் போதாது என்று ஒரு செய்தி வரும். மூடித் திறந்தால் மறுபடியும் அதே செய்தி.

புத்தளம் போகிற வழியில் பாலாவியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு உடப்பு ஊர்க்காரரை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை அவருக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, அது சின்ன விசயம். பயோஸ்ல போய் கிராபிக்ஸுக்கு இன்னும் கொஞ்சம் ரேம் ஒதுக்கணும். பெட்டியக் கொண்டு வாங்க, அஞ்சு நிமிசம்."

"கொண்டு வர ஏலா. உள்ளுக்குக் கல்யாண வீடியோ இரிக்கி."

"நான் என்ன, அதையா பாக்கப் போறன்?"

"அண்ணன், அந்த பயோஸ் எங்க இரிக்கி? டிஸ்க்லயா?"

"இல்ல, மதர்போர்ட்ல. அதுல ஒரு சிப்."

"அப்ப டிஸ்க் இல்லாமலே அத மாத்தலாம்தானே?"

"மாத்தலாம்தான்" என்று இழுத்தார். இதை முதலே சொல்ல அந்த மனுசனுக்கு என்ன நோவு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பெட்டியைத் திறந்தேன். நாலு ஆணி, இரண்டு வயர். டிஸ்க்கைக் கழற்றி, என் மகள் பிள்ளையாக இருந்தபோது சுற்றிய பிளானல் துணியில் சுற்றி, அலுமாரியில் தொழுகை உடுப்புக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். திறப்பை என்னோடு வைத்துக்கொண்டேன். வெறும் பெட்டியைப் படுக்கை விரிப்பில் கட்டி, புத்தளம் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

கொண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தான். "ராத்தா, உள்ளுக்கு என்னா, கோழியா?"

"கால எடு. கொம்பியூட்டர்."

"கத்துமா?"

"நீ கத்தாட்டி அதும் கத்தாது."

பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாலாவி வரும்வரை அவன் என் பக்கம் வரவில்லை.

கடையில் அவர் பெட்டிக்குத் திரையைப் பூட்டி, டிலீட் பட்டனை அமத்தி பயோஸுக்குள் போனார். நீல நிறத் திரை. எல்லாம் ஆங்கிலம். இரண்டு மூன்று பக்கம் தாண்டி ஒரு வரியில் போய் நின்றார். அதைத் திறந்தால் அரை, ஒன்று, இரண்டு, நான்கு என்று ஒரு பட்டியல். அவர் நான்கைத் தெரிந்தெடுத்தார்.

"பாதியக் குடுத்தாச்சு. இனிப் படம் பறக்கும் பாருங்க."

"பாதி கூடிப் போகாதா அண்ணன்?"

"கூடினா நல்லம்தானே. டிஸ்க் இருந்தா இப்பவே ஓட்டிக் காட்டியிருப்பன். இல்லாம நான் எத வச்சுப் பாக்கிற?"

விரிப்பைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

வீட்டில் டிஸ்க்கைத் திரும்பப் பெட்டிக்குள் பூட்டி, கணினியைப் போட்டேன். படம் ஓடியது, உண்மை. உறையவில்லை. ஆனால் மற்ற எல்லாம் செத்துக் கிடந்தது. ஒரு கோப்பைத் திறக்க ஒரு யுகம். பாட்டைச் சேர்க்கப் போனால் சொப்ட்வெயார் தானே மூடிக்கொண்டது. செவ்வாய் முழுக்க இப்படியே போனது. எங்கள் கல்யாணத்தில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதில் ஒருத்தி பாதிச் சோற்றைத் தன் பக்கம் இழுத்தால் மற்ற ஐந்து பேரும் கையை நக்க வேண்டியதுதான். அந்தப் பெரிய நிபுணர் செய்திருந்தது அந்த வேலைதான்.

புதன் காலை மறுபடி போன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப டிஸ்க்கோட கொண்டு வாங்க. சொப்ட்வெயார் என்ன சொல்லுதெண்டு நான் பாக்கணும்."

"ஏலா எண்டு சொன்னேனே."

"தங்கச்சி, எனக்கு ஆறு மாசமா கண்ணாடி மாத்த நேரமில்ல. பெட்டில இருக்கிற எழுத்தே தெரியுதில்ல. உங்கட ஆக்கள்ட முகமா தெரியப் போகுது?"

பகிடிதான். அவர் நல்ல மனுசன் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் வாக்குக் கொடுத்தபோது நல்ல மனுசரைத் தவிர மற்ற ஆண்கள் என்று சொல்லவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு மணப்பெண்ணின் உம்மா போன் எடுத்தார். எவ்வளவு முடிந்தது என்று கேட்டார். கால்வாசி என்றேன். ஏன் என்றார். சொன்னேன். அவர் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அவன் வேற ஊரான்தானே? எங்கட ஆக்கள அவனுக்குத் தெரியவா போகுது? டிஸ்க்கையும் குடுத்துச் செஞ்சி எடுங்க. ஒருத்தருக்கும் சொல்லத் தேவல்ல."

ஒரு ஆணின் கண்ணும் படக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்காத குறையாக நின்றவர் இவர்தான். எனக்குக் கோபம் தலைக்குள் ஏறியது.

"மாமி, அதுக்குள்ள உங்கட மகள் மட்டுமா இரிக்கிறா? நாப்பது பொம்பளைங்க இரிக்காங்க. நாப்பது பேர்கிட்டயும் கேட்டுட்டு வாங்க, நான் குடுக்கிறன்."

"மார்க்கம் படிச்ச பெரிய ஆலிமா மாதிரிக் கதைக்காதீங்க."

"நான் ஆலிமா இல்ல. வீடியோ எடுக்கிறவ. பொறுப்பு எண்டு சொன்னவ."

"நாளைக்கு அஸருக்கு வராட்டி, இந்த ஊர்ல ஒரு கல்யாணத்துக்கும் உங்களக் கூப்பிட மாட்டாங்க. பாத்துக்குவன்."

அவரால் அது முடியும். அவருக்குச் சொந்தமில்லாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. டிஸ்க்கைக் கொடுத்தால் தொழில் தப்பும், யாருக்கும் தெரியாது. கொடுக்காவிட்டால் போகும். நான் கணினித் திரையைப் பார்த்தேன். வெங்காயம் செய்கிறவள் நான் நிறுத்தி வைத்த இடத்தில் நாக்கைக் கடித்தபடி நின்றாள்.

கடைக்காரருக்குப் போனைப் போட்டேன்.

"அண்ணன், நீங்க சொல்லுங்க, நான் செய்றன்."

"பயோஸ்ல பிழையா எதையும் தொட்டா பெட்டி எழும்பாது, தங்கச்சி."

"இப்ப மட்டும் எழும்பி என்ன கிழிக்குது? சொல்லுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். டிலீட்டை அமத்தச் சொன்னார். என் திரை எழும்பவே நேரம் எடுக்கும். நான் அமத்துவதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. மூன்று தரம் இப்படி. நாலாம் தரம் திரையைப் பார்க்காமல் ஸ்விட்சைப் போட்ட கையோடு டிலீட்டைக் குத்திக்கொண்டே இருந்தேன். நீலம் வந்தது.

"மேல இருக்கிற ரெண்டாவது சொல்லுக்குப் போங்க. கீழ இறங்குங்க. என்ன தெரியுது?"

எழுத்துக் கூட்டி வாசித்தேன். அது இல்லை என்றார். அடுத்ததை வாசித்தேன். அதுவும் இல்லை. ஒருதரம் வேறெதையோ திறந்துவிட்டேன். சிவப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது. "தொடாதீங்க, வெளில வாங்க, வெளில வாங்க" என்று அவர் கத்தினார், கடைக்கு நெருப்புப் பிடித்த மாதிரி. வந்தேன். கடைசியில் அந்த வரி கிடைத்தது. எதிரே நான்கு.

"ஒண்டப் போடுங்க" என்றார்.

"முந்தாநாள் நாலு எண்டீங்க. இப்ப ஒண்டு எண்டுறீங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"அரை போதல்ல. நாலு கூடிப் போச்சு. ரெண்டு."

"சரி, ரெண்டு. சேவ் பண்ண எஃப் பத்த அமத்துங்க."

அமத்தினேன். திரை கறுத்தது. விசிறி நின்றது. பிறகு சுற்றியது. மறுபடி நின்றது. ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவது கேட்டது. "என்ன காட்டுது?" என்றார். "ஒண்டுமில்ல" என்றேன். "பொறுங்க. ரேமத் திருப்பி எண்ணுது போல." கதவுக்கு வெளியே நின்று என் புருஷன், "என்ன, மௌத்தாப் போச்சா?" என்று சாவு விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். வாயை மூடச் சொன்னேன்.

விண்டோஸ் வந்தது. கணினிக்கு ஆறு, கிராபிக்ஸுக்கு இரண்டு. சொப்ட்வெயாரைத் திறந்து பாட்டைப் போட்டேன். மூடவில்லை. வெங்காயம் செய்கிறவள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஓடுது" என்றேன்.

"அப்ப ரெண்டுதான் சரி. நானும் அதத்தான் நினைச்சன்" என்றார் கடைக்காரர். நான் சிரிக்கவில்லை. நன்றி சொன்னேன்.

வியாழன் அஸருக்கு முன் பென் டிரைவோடு போனேன். உம்மா வாங்கினார், முகத்தைப் பார்க்கவில்லை. ஆண்களை வெளியே அனுப்பி, உள் அறையின் கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்து டிவியில் போட்டார்கள். பதினைந்து பெண்கள் இருப்பார்கள். மணப்பெண் நடுவில். வெங்காயம் செய்கிறவளும் தோட்டத்தில் இருந்து அப்படியே, கால் மண்ணோடு வந்திருந்தாள். அவள் ஆடுகிற இடம் வந்ததும் அறை அதிர்ந்தது. "அல்லாவே, இந்த இடுப்ப இவ்வளவு நாளா எங்க ஒளிச்சி வச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "வெங்காயத்துக்குள்ள" என்றாள் அவள்.

அப்போது பார்த்தேன். உம்மா தன் போனை டிவிக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். ரெக்கோர்ட் பண்ணுகிற சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"மாமி, என்ன செய்றீங்க?"

"எங்கட தங்கச்சிக்கு அனுப்ப. அவ கட்டார்ல. கல்யாணத்துக்கு வரேலாமப் போச்சு."

"அவட போன அவட மாப்பிள பாக்க மாட்டாரா? மகன்மாரு பாக்க மாட்டாங்களா?"

"இது என்ட மகள்ட கல்யாணம்."

வெங்காயம் செய்கிறவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவள் உம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எழும்பிப் போய் டிவியில் இருந்த பென் டிரைவை இழுத்தெடுத்தேன். அறை முழுக்கச் சத்தம். உம்மா என்னை என்னவெல்லாமோ சொன்னார். அதை எழுதினால் யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

"அந்தப் போன்ல எடுத்தத அழிங்க. உங்கட மகள் மட்டும் வாற மாதிரி தனியா ஒண்டு வெட்டித் தாறன். அத உலகம் முழுக்க அனுப்புங்க, உங்கட இஷ்டம்."

அழித்தது மணப்பெண்தான். உம்மாவின் கையில் இருந்த போனை வாங்கி, அழித்து, எனக்குத் திருப்பிக் காட்டினாள். நான் பென் டிரைவைத் திரும்ப டிவியில் செருகினேன். விட்ட இடத்தில் இருந்து ஆட்டம் தொடர்ந்தது. உம்மா கடைசிவரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். முடிந்ததும் பென் டிரைவை மணப்பெண்தான் கழற்றித் தன் பையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, சொன்னதை வெட்ட உட்கார்ந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. எதையாவது ஏச வேண்டும் போல இருந்தது. கணினியாவது ஒருதரம் உறைந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பொழுதுபட்டு மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம், மணப்பெண் மட்டும்.