கதவு மிஸ்ஸின் மலைக் கோச்சி

கடக்… கடக்… கடகட கடக்.

ரயில் பாலம் தாண்டுகிற மாதிரியே ஒரு சத்தம். இந்தச் சாமத்தில் எங்கள் தோட்டவெளிப் பக்கம் ரயில் கிடையாது. ரயில் நேரங்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பதுதான் என் பிழைப்பு, அதனால் அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் இது என்ன? எழும்பிப் போய்ப் பார்க்கப் பயந்து, கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். கொன்வென்றில் படித்த எங்களுக்குப் பயம் வந்தால் ஒன்றில் செபிப்போம், இல்லாவிட்டால் கட்டுரை எழுதுவோம். செபமாலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஊர்ச் சனத்தை மலைநாட்டு ரயிலில் ஏற்றி மலையும் நீரும் காட்டிக்கொண்டு வருவது என் தொழில். மலையைக் காட்டுவது லேசு. கொண்டுபோன சனத்தை ஒருவரும் குறையாமல் திருப்பிக் கொண்டுவருவதுதான் பாடு. முன்பு மன்னார் டவுனில் ஒரு கடையில் கணினிக்கு முன்னால் இருந்து, கேட்டு வருகிறவர்களுக்கு ரயில் கதிரை பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். "பிள்ளை, எங்களுக்குச் சிங்களம் வராது, நீரும் ஒருக்கா வாருமன்" என்று கேட்டுக் கேட்டே என்னையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். முருங்கன், மதவாச்சி தாண்டிப் பேராதனை மட்டும் வேன். அங்கே பதுளை ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், ஏறி எல்ல என்கிற மலையூரில் இறங்குவோம். ஒரு பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கேயாவது போய் வந்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்கமாட்டீர்கள், தலையில் கை வைப்பீர்கள்.

நாளையிண்டைக்கு, இன்னும் இரண்டே நாளில், அடுத்த பயணம். "பயணம் நிற்பாட்டப்பட்டது, மன்னியுங்கோ" என்று கைபேசியில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

மலை எந்தப் பக்கம்?

பேசாலை பிலோமினா அக்கா மீன் விற்கிறவர். குரல் சந்தை முழுக்கக் கேட்கும். கதிரை பதியும்போதே கேட்டார்: "பிள்ளை, மலை எந்தப் பக்கம் வரும்? அந்தப் பக்கமாப் பாத்து யன்னல் எடுத்துத் தாரும்." இரண்டு பக்கமும் வரும் அக்கா என்றேன். நம்பவில்லை. கடலென்றால் எங்களுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும், மலை மட்டும் எப்படி இரண்டு பக்கமும் வரும் என்பது அவர் வாதம். அவரும் நானும் பிறந்த மன்னார்த் தீவில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம்தான். நானும் கனக்க விளக்கவில்லை.

நாவலப்பிட்டி தாண்டி ரயில் ஏறத் தொடங்கியது. எதிர்ப் பக்கத்துச் சனம் "ஆ… ஓ…" என்று கைபேசியைத் தூக்குகிறது. அக்காவின் யன்னலுக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, பாசி பிடித்த கற்பாறை. ஐந்து நிமிசம், பத்து நிமிசம், அதே கல். "மிஸ், எனக்குக் கல்லுத்தான் தெரியுது. மலையை எப்ப காட்டுவியள்?" என்றார். இதுதான் அக்கா மலை என்றேன். பாறையை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லும் பிள்ளை, இவ்வளவு கிட்ட வேண்டாம்."

இது ஆற்றை குளம்?

தலவாக்கலையில் ரயில் மெதுவாகப் போகும். ஒரு பக்கம் தேயிலை, கீழே பச்சைத் தண்ணீர் விரிந்து கிடக்கும், அதில் மலை தலைகீழாக நிற்கும். எல்லாரும் வாயடைத்துப் போகிற இடம். பாவிலு அண்ணை மட்டும் வாய் திறந்தார். முருங்கனில் வயல் செய்கிறவர். தண்ணீரைக் கண்டால் அவருக்கு அழகு தெரியாது, அது யாருடையது, எத்தனை ஏக்கர் என்பதுதான் தெரியவேண்டும். "பிள்ளை, இது ஆற்றை குளம்? எத்தினை ஏக்கர் பாயுது? தண்ணி திறக்கிற வான் கதவு எங்கை?"

இது வயலுக்கு இல்லை அண்ணை, கரண்ட் எடுக்கிறதுக்கு என்றேன். அவர் முகம் செத்தவீட்டு முகமாகிவிட்டது. ஹட்டனில் வாங்கின வடையையும் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நானுஓயாவில் வண்டி நின்றபோதுதான் பேச்சு வந்தது. "இனி நான் ராவிலை லைற் போடமாட்டன். அந்தத் தண்ணியை முருங்கனுக்குத் திறந்துவிடச் சொல்லும்."

கருவாட்டுப் பை

பண்டாரவளையில் இருக்கிற தங்கைக்கென்று பிலோமினா அக்கா ஒரு பை பாரைக் கருவாடு கொண்டுவந்து, மேலே தட்டில் வைத்திருந்தார். வண்டி ஏற ஏறக் குளிர் கூடி, சனம் யன்னலைச் சாத்த, பை தன் வேலையைத் தொடங்கியது. கீழே இருந்த வெள்ளைக்காரச் சோடி முதலில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கொன்வென்ற் மதர்மார் பழக்கின ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, அக்கா இடையில் புகுந்தார்: "மலைக் காத்து வாங்கத்தானே காசு குடுத்து வந்தவை, நாங்கள் கடல் காத்தையும் சும்மா குடுக்கிறம் எண்டு சொல்லும்."

சுரங்கத்தில் பாதிச் செபம்

பட்டிப்பொல தாண்டினால் சுரங்கத்துக்கு மேல் சுரங்கம். முதல் சுரங்கத்தில் இருட்டு வந்ததுமே எங்கள் பெட்டியில் "அருள் நிறைந்த மரியே" தொடங்கிவிடும். ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை, இருட்டே தொடக்கி வைக்கும். ஆனால் அந்தச் சுரங்கங்கள் கத்தோலிக்கக் கணக்கில் வெட்டப்படவில்லை. பாதிச் செபத்தில் வெளிச்சம் வந்துவிடும். வந்ததும் செபம் நின்று, "இஞ்சை பாருங்கோடி, பனி!" என்று யன்னலுக்குப் பாய்வார்கள். அடுத்த சுரங்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமா, முதலிலிருந்து தொடங்கவேண்டுமா என்று ஒருமுறை பெரிய சண்டையே வந்தது. தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள், கொன்வென்ற் பிள்ளை என்று. நான் வாயைத் திறக்க முன், பாவிலு அண்ணை யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "வெளிச்சம் வந்தா செபத்தை நிப்பாட்டுறது எங்களுக்கு ஊரிலையும் வழக்கம்தானே."

முதுகைக் காட்டினவர்

எல்லாரும் யன்னலுக்கு அடிபடும்போது, தன் யன்னல் கதிரையை வலிய மாற்றிக் கொடுத்தவர் ஒருவர்தான். முத்தையா ஐயா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, வேலை செய்து, குடும்பத்தோடு முருங்கன் பக்கம் வந்து குடியேறினவர். மகள் ஆசைப்பட்டுப் பதிந்து அனுப்பியிருந்தார். ஹட்டனிலிருந்து தேயிலை இரண்டு பக்கமும் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது, இவர் நடைபாதை ஓரம் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மனது கேட்கவில்லை. பழைய நினைவு வந்து அழுகிறாராக்கும் என்று நினைத்து, பக்கத்தில் போய், "ஐயா, பிறந்த இடமல்லோ, ஒருக்காப் பாருங்கோவன்" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்: "நீங்க பாருங்க மிஸ்ஸு, ஒங்களுக்கு இது காட்சி. எனக்குப் பாத்தாலே இடுப்பு வலிக்குது."

கடக்… கடகட.

குசினியில், சமைக்கிற பக்கத்துப் பின் கதவுதான். இப்போது நிச்சயம். இன்றைக்குத்தான் வாடைக் காற்று இப்படி அடித்துக் கதவு ஆடுகிறது. கீல் பிணைச்சல் தளர்ந்து கதவு இறங்கிவிட்டதால், திறாங்கு, அதுதான் தாழ்ப்பாள், தன் ஓட்டைக்குள் போகமாட்டேன் என்கிறது. உப்புக் காற்றில் துருவும் பிடித்துவிட்டது. என் மனுசன் கொண்டச்சிப் பக்கம் வாடி என்கிற கடற்கரைக் குடில் போட்டு, அங்கேயே தங்கி மீன் தொழில் செய்கிறார். பத்து நாளாக நான் காஸ் சிலிண்டரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறேன். போனில் சொன்னால், "ஆர் வரப்போகினம்? வந்தாலும் நீர் ரயிலிலை மாதிரிப் பேர் கூப்பிட்டு எண்ணத் தொடங்குவீர், ஓடிடுவினம்" என்று பகிடி. காற்றென்று தெரிந்தபிறகும் எழும்பிப் போகாமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன். காற்றையே மறிக்காத கதவு மனிசரை மறிக்குமா?

பேர் வந்த கதை

மலை ரயிலின் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். அது திறந்தே இருக்கும். படியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுக்காரர் இருப்பார்கள். அதைக் கண்டு எங்கள் பெண்டுகளும் சேலைத் தலைப்பைக் காற்றில் விட்டுப் படம் எடுக்கப் போவார்கள். நான் பின்னாலேயே போய்த் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "கதவடிக்குப் போகாதையுங்கோ, கதவடிக்குப் போகாதையுங்கோ" என்று ஒரு பயணத்தில் எத்தனை தடவை சொன்னேனோ, திரும்பி வரும்போது எனக்குக் 'கதவு மிஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் பட்டியலை எடுத்துப் பேர் கூப்பிடுவேன். பேரப்பிள்ளை கண்டவர்களும் கையை உயர்த்தி "பிரசன்ற், மிஸ்!" என்பார்கள். நக்கல்தான். பிலோமினா அக்கா ஒருநாள் படியில் நின்றபடியே கேட்டார்: "எங்கடை மனுசன்மார் நடுக்கடலிலை வள்ளத்து விளிம்பிலை நிண்டு வலை இழுக்கினம், நாங்கள் இந்தப் படியிலை நிண்டா விழுந்திடுவமோ கதவு மிஸ்?"

எல்லாரும் பிரசன்ற்

போன பயணத்தில் மகள் மெலனியையும் கூட்டிக்கொண்டு போனேன். நாலரை வயது. விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அப்புத்தளைக்குக் கிட்ட, பனி பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. நான் பட்டியலை எடுத்துப் பேர் கூப்பிட்டேன். எல்லாரும் பிரசன்ற். நிம்மதியாகப் பேனையை மூடினேன். மூடினபிறகுதான் மடி வெறுமையாக இருப்பது தெரிந்தது. சின்னப் பிள்ளைக்கு ரிக்கற் இல்லை. ரிக்கற் இல்லாதபடியால் பட்டியலில் பேரும் இல்லை. ஊரையெல்லாம் எண்ணினேன், என் பிள்ளையை எண்ணவில்லை.

எப்படி அந்தப் பெட்டியைக் கடந்தேன் என்று தெரியாது. கடைசிக் கதவு, திறந்த கதவு, அதற்கு வெளியே வெறும் வெள்ளை. அதன் முன்னால் மெலனி. அவளுடைய சட்டையின் பின்பக்கத்தை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ரயில் கார்ட் நிற்கிறார், சிங்கள மனிதர், நரைத்த மீசை. மற்றக் கையால் அவளுக்குக் கதவு சாத்தப் பழக்கிக்கொண்டிருக்கிறார். பழைய கதவு, இறங்கின கதவு. "தூக்கு… தள்ளு. தூக்கு… தள்ளு." டக்கென்று கொண்டி விழ, மெலனி கை தட்டுகிறாள். நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் ஏசவில்லை. பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு, சிங்களம் கலந்த தமிழில் என்னை நோனா, அதாவது அம்மணி, என்று கூப்பிட்டுச் சொன்னார்: "நோனா எல்லா ஆளும் எண்ணுறது. இந்தப் பபா மட்டும் எண்ணுறது இல்ல, நே?"

இதை நான் மனுசனுக்குச் சொல்லவில்லை. பிலோமினா அக்காவுக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த வெள்ளை வருகிறது. அதனால்தான் கைபேசியில் அந்தச் செய்தி. நிற்பாட்டிவிட்டால் பிறகு திரும்பவும் ரயில் ஏறமாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் இன்னும் அனுப்பாமலும் இருக்கிறேன்.

தூக்கித் தள்ளோணும்

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. பேனை கையிலிருந்து விழுந்துவிட்டது. மெலனி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கோச்சி நிண்டிட்டுதோ அம்மா?" என்று கேட்டாள். கோச்சி இல்லையடி, கதவு, பூட்டுதில்லை என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், பாவிலு அண்ணை குளத்தைப் பார்த்த மாதிரி. நேரே குசினிக்குள் போய், சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்: "அது சும்மா தள்ளினாப் போகாது. தூக்கித் தள்ளோணும். கார்ட் மாமா சொன்னவரெல்லே."

சிலிண்டரை உருட்டிவிட்டு, கதவின் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். "இன்னும்" என்றாள். இன்னும் தூக்கினேன். திறாங்கு அவள் கைக்கு எட்டவில்லை. அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கையால் கதவைத் திரும்பத் தூக்கினேன். பிஞ்சு விரலால் தள்ளினாள். கொஞ்சம் முரண்டு பிடித்து, துரு கொட்டி, டக்.

செய்தியை அழித்துவிட்டேன். நாளையிண்டைப் பட்டியலில் முதல் பேர் மெலனி, ரிக்கற் இல்லாமல். "பிரசன்ற்" சொல்லவும் பழக்கியாயிற்று, அதைச் சொல்லிச் சொல்லியே இப்போது நித்திரையாகிவிட்டாள். ஊரையெல்லாம் கதவடியிலிருந்து இழுத்துப் போட்ட கதவு மிஸ்ஸுக்குத் தன் வீட்டுக் கதவைப் பூட்டப் பழக்க, நாலரை வயதுப் பிள்ளை ஒருத்தி பதுளை வண்டியில் போய்ப் படித்துக்கொண்டு வரவேண்டியிருந்தது என்றாலும், திறாங்கு இப்போது உள்ளே.