பரங்கிப்பேட்டை அவலும் நெத்திலிக் கருவாடும்

ஜூன் மாதம் இமயமலையில் எட்டு நாள் நடைப்பயணம். குழுவில் நான் மட்டும் சைவம். எங்களுடையது சன்மார்க்கக் குடும்பம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. குழுவை அழைத்துப் போகிறவன் என் மனைவியின் தம்பி சேகர். "ஒங்களுக்குன்னு தனியா எவன் மாமா சமைப்பான்? ரெண்டு நாள் ஒங்க சாப்பாட்டுலயே நடந்து காட்டுங்க, அப்பறம் பேரச் சேக்குறேன்" என்றுவிட்டான்.

ஆகவே 2010 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடலூர் முதுநகரிலிருந்து இருவரும் கிளம்பினோம். பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரம், சுமார் ஐம்பது கிலோமீட்டர். வழியில் டீ, தண்ணீர் தவிர எதுவும் வாங்கக் கூடாது என்பது சேகர் போட்ட சட்டம்.

அடுப்பு எடுக்கவில்லை. கெட்டி அவல், புளிக்காய்ச்சல், வறுத்த வேர்க்கடலை, காடாம்புலியூர் முந்திரி, கொஞ்சம் வெல்லம், அவ்வளவுதான். அவலை நனைத்துப் பிழிந்து, புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது. மதியம் ஆலப்பாக்கம் தாண்டி ஒரு மர நிழலில் சேகர் தட்டை வழித்துச் சாப்பிட்டான். பிறகு இன்னொரு தடவை தட்டை நீட்டினான். அப்போதே பாதி இமயமலை ஏறிவிட்ட நினைப்பு எனக்கு.

இரவு பரங்கிப்பேட்டையில் சேகரின் கல்லூரி நண்பர் நசீர் வீட்டில் தங்கினோம். அங்கேயும் எங்களுக்கு வெல்ல அவல்தான். மறுநாள் காலை, சேகர் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த இரண்டாம் நாள் அவலைப் பிரித்தேன். குப்பென்று கருவாட்டு வாடை.

சேகர் தலையைச் சொறிந்தான். "வெறும் அவல நம்பி எப்புடி மாமா வர்றது? ஒரு சேஃப்டிக்கு நெத்திலி கொஞ்சம் வச்சிருந்தேன்."

"அடப்பாவி, அதையும் பேப்பர்லயா மடிச்ச?" என்று நசீர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழாத குறைதான். நசீரின் உம்மா தோசை ஊற்றித் தருவதாகச் சொன்னார்கள். சட்டம் சட்டம்தான் என்று வீம்பாக மறுத்துவிட்டேன். சேகர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், அரைக் கிலோ அவலோடு திரும்பினான்.

"வாங்கக் கூடாதுன்னு நீதான மச்சான் சொன்ன?"

"நீங்க எங்க வாங்குனீங்க? நான்தான வாங்குனேன்!"

கருவாட்டு அவலை அவனே எடுத்துக்கொண்டான். கிள்ளை அருகே அதையும் புளிக்காய்ச்சலில் பிசைந்து, "செம மாமா" என்று ஒரு பருக்கை விடாமல் தின்றான். மாலை நான்கு மணிக்குச் சிதம்பரம். சட்டம் முடிந்ததால் கீழவீதியில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் ஒரு பிடி பிடித்தோம். கடலூருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு ஒரு வேளைக்கு நூற்றைம்பது கிராம் அவல் போதும். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்க விடுங்கள். தேங்காய் சேர்க்கவே வேண்டாம், வெயிலில் காறிவிடும். கிளம்பும் முன்பு, கூட வருகிறவர் பையையும் ஒருமுறை மோந்து பாருங்கள்.

பஸ்ஸில் நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்குவதாக நினைத்து, சேகர் என் மனைவிக்கு போன் போட்டான். "அக்கா, ஜூனுக்குப் புளிக்காய்ச்சல் ஜாஸ்தியாவே கிண்டு. எங்க எல்லாருக்கும் வேணும். மாமாவும் வர்றாரு."